இரண்டாவது பம்ப்

8.10.2010, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி கறுத்து, வராமலே போனது. கரண்ட் மூன்று தடவை போனது. கடைவாய்ப் பல் வலி ஆரம்பம். கிராம்பு வைத்தேன். வாய் மரத்ததுதான் மிச்சம்.

ஹாஜா வந்தான், பரங்கிப்பேட்டையிலிருந்து. துபாய் லீவு, இரண்டு மாதம். அவனுடைய சிவப்புக் கார்தான் ஆடி மாதத்திலிருந்து என் ஷெட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஜப்பான் எஞ்சின், பெரிய டர்போ, எல்லாம் அவன் அனுப்ப அனுப்ப நாங்கள் மாட்டியது. நானூறு குதிரை வேண்டுமாம் துரைக்கு. காரில் இருக்கிற பெட்ரோல் பம்ப் அதில் பாதிக்கே முக்கும். அதனால் இந்தத் தடவை பெட்டி நிறைய பம்ப்தான். பெரியது ஒன்று, சின்னது இரண்டு, லுங்கிக்குள் சுருட்டி. கஸ்டம்ஸில் கேட்டதற்கு மீன்தொட்டிக்கு என்று சொன்னானாம்.

"எது தோதோ அதை நீங்களே பாத்துப் போடுங்கண்ணே. டிசம்பர்ல மெட்ராஸ் பக்கம் ரேஸ். அதுக்குள்ள ஓடணும், இன்ஷா அல்லாஹ்."

மதியம் முழுக்க பாஸ்கரோடு இதே பேச்சு. (பெயரை முழுசாக எழுதக் கை வலிக்கிறது. இனி பா.) என் வீட்டுக்காரி மீனாவின் தம்பி, தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வந்து போகிறவன். ஷெட்டில் ஒயர் என்று இருப்பதெல்லாம் அவன் கை. எஞ்சின் என் கை. கடை போட்ட நாளிலிருந்து இப்படித்தான், தகராறு இல்லை.

பா. சொல்வது: பெரிய பம்ப் ஒன்றே போதும். "பேட்டரியிலேர்ந்து நேரா தடி ஒயரா இழுத்துடலாம் மாமா. சனியன் விட்டுது."

நான் சொல்வது: பெரியது எந்நேரமும் முழு வேகத்தில் ஓடும். கார் டவுனில் ஊர்ந்து போகிறபோது பெட்ரோல் சும்மா சுற்றிச் சுற்றிச் சூடாகும். நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது. சின்னது இரண்டையும் டேங்குக்குள் இறக்கி, ஒன்று எப்போதும் ஓட, இரண்டாவது டர்போ காற்றைத் தள்ளும்போது மட்டும் எழுந்து ஓட வேண்டும். அதற்கு ஒரு பிரஷர் சுவிட்ச். பித்தளை, சுண்டுவிரல் அளவு, முன்னால் ஒரு மூக்கு. எஞ்சினிலிருந்து வரும் ரப்பர் ஹோஸை மூக்கில் சொருகினால் போதும். காற்று அழுத்தினதும் டிக். பம்ப் ஓடும்.

"அந்த டிக் வரலைன்னா?"

"ஏன்டா வராது?"

"இல்ல மாமா. ஒரு பம்ப் போட்டு அது செத்தா வண்டி நின்னுடும். அவ்ளோதான். ரெண்டு போட்டு ஒண்ணு செத்தா வண்டி பாட்டுக்கு ஓடும், எஞ்சின் செத்துடும்."

வக்கீலுக்குப் படிக்க வேண்டியவன். காற்று ஜாஸ்தியாகி பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும் என்று எனக்கே பாடம். "எஞ்சின் என் வேலை, நீ ஒயரைப் பாரு" என்றேன். சிரித்துக்கொண்டே போய் டீ சொன்னான்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. டிக்கிக்குள் தனியாக ஒரு குட்டி டேங்க், வெளிப் பம்ப். உள்ளே உட்காருகிறவனுக்குப் பெட்ரோல் வாடையிலேயே தலை சுற்றும். வேண்டாம் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை.

11.10, திங்கள்

வெயில். பல் பரவாயில்லை.

பம்புகளை வெளியே வைத்து ஓட்டிப் பார்த்தோம். பெட்ரோல் கேனுக்குள் கொட்டுவதை மட்டும் பார்த்தால் மூன்றுமே சூரப்புலி. நிலத்தில் போர் மோட்டார் வாங்குகிறவர்கள் குழாய் வாயைப் பார்த்து மயங்குவது இப்படித்தான். மேலே ஏற்றினால்தானே தெரியும் சங்கதி. வாயைக் குறுக்கி, மீட்டர் வைத்து, அழுத்தம் ஏற்றிப் பார்த்தோம். பெரியது கொஞ்சம் திணறியது. சின்னது இரண்டும் சேர்ந்து தாராளம். நான் சொன்னதுதான். பா. முகத்தைப் பார்த்தேன். "சரி மாமா, நீங்க சொன்னா சரி."

முடிவு: இரண்டு சின்னது, பிரஷர் சுவிட்ச். ஹாஜாவிடம் போனில் சொன்னேன். அவனுக்கு எதுவானாலும் சரிதான்.

வாங்க: பிரஷர் சுவிட்ச் 1, ரிலே 2, ஃப்யூஸ், பெட்ரோலுக்குத் தாங்குகிற ஹோஸ், கிளாம்ப், வீட்டுக்குக் கோலமாவு.

ராத்திரி மீனாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அவன்கிட்ட கேக்குற மாதிரி கேட்டுட்டு நீங்க நெனச்சதையே பண்ணுவீங்க. எங்கிட்ட புடவை கலர் கேக்குற மாதிரி" என்றாள். இவளுக்கு எதுவும் புரியாது.

16.10, சனி. ஆயுத பூஜை

விடியற்காலை தூறல். பிறகு நல்ல வெயில். பா. சிதம்பரத்தில், அவன் வீட்டுப் பூஜை.

மீனாவுக்கு மூன்று நாள் விலக்கு. பூஜைச் சாமான் எதையும் தொடமாட்டாள், ஷெட்டுப் பக்கம் வரவும் மாட்டாள். வருஷா வருஷம் எல்லாம் அவள்தான். நான் ஓரமாக நின்று "இந்த ஸ்பேனருக்குக் கண்ணு காது இருக்கா, பொட்டு வைக்கிற" என்று கிண்டல் பண்ணுவதோடு சரி. இந்த வருஷம் சந்தனக் கிண்ணம் என் கையில். பக்கத்து வீட்டு அம்மா கரைத்துக் கொடுத்தது. நல்ல கெட்டி.

ஷெட்டைக் கழுவினேன். வாழை இலை போட்டு ஸ்பேனர், மல்ட்டிமீட்டர், வெல்டிங் கண்ணாடி, ஹாஜாவின் பம்ப் மூன்று, ரிலே, சுவிட்ச், எல்லாம் வரிசையாக. ஒவ்வொன்றாக உட்கார்ந்து பொட்டு வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. அதனால் நிதானமாகவே வைத்தேன். சுவிட்சின் மூக்கில் சிவப்பு ரப்பர் மூடி அசிங்கமாக இருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூக்கு நுனியிலேயே ஒரு உருண்டை சந்தனம், அதன்மேல் ஒரு துளி குங்குமம். மூக்குத்தி போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது.

சாம்பிராணி. சூடம். பூசணிக்காய் உடைத்தேன், பாதி ரோட்டில், பாதி என் செருப்பில்.

மனசுக்கு என்னவோ நன்றாக இருந்தது. மீனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

17.10, ஞாயிறு

இன்று வரைக்கும் எதையும் தொடக் கூடாது. காலையில் சூடம் காட்டி, ஒரு ஸ்பேனரை எடுத்து நட்டு ஒன்றைத் திருப்பிவிட்டு வைத்தேன். பொரி, சுண்டல். பல்லில் கடலை மாட்டி உயிர் போனது.

18.10, திங்கள்

பா. வந்ததும் வராததுமாக இலையைப் பார்த்துச் சிரித்தான். "யாரு மாமா இது, சுவிட்சு மூக்குக்கெல்லாம் சந்தனம் வச்சு ஜோடிச்சிருக்குறது?"

"வேற யாரு, உங்க அக்காதான்."

வாயில் வந்துவிட்டது. நான் வைத்தேன் என்று சொல்ல வெட்கம். பத்து வருஷக் கிண்டலும் என் மேலேயே திரும்பும்.

பம்ப் இரண்டையும் டேங்குக்குள் இறக்கினோம். ஒயர் அவன் இழுத்தான், ஹோஸ் நான். சுவிட்சை எடுத்தபோது பெட்ரோல் துணியை நீட்டினான், துடைத்துவிட்டு மாட்டச் சொல்லி. "பொட்டை அழிச்சா ஆகாது, உன் வேலையைப் பாரு" என்றேன். மூக்கில் காய்ந்து நின்றதை மட்டும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தித் தேய்த்துவிட்டு ஹோஸைச் சொருகினேன். கிளாம்ப்.

பா. சுவிட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினான். இரண்டாவது பம்ப் உர்ர் என்று எழுந்தது. "கம்ப்ரஸர்ல காத்து அடிச்சு சுவிட்சையும் பாத்துடலாம் மாமா" என்றான். கரண்ட் இல்லை. எப்போது வரும் என்றும் தெரியாது. புதுச் சுவிட்ச்தானே, விடு என்றேன்.

24.10, ஞாயிறு

வண்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரம். ஹாஜா, நான், பா. மெதுவாகத்தான் ஓட்டினோம். பட்டுப்போல் போனது. கீழவீதி முனையில் நிறுத்தியதும் கூட்டம். தேவாரம் பாடிவிட்டு வந்த பெரியவர் ஒருவர் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இது எவ்ளோ குடுக்கும்?" என்றார். ஹாஜா சொன்ன மைலேஜைக் கேட்டு "இதுக்கு மாட்டு வண்டி தேவலை" என்று போய்விட்டார்.

பா. வீட்டில் இட்லி, கொத்சு. மாமியார் ஹாஜாவை எழுந்திருக்க விடவில்லை. பா. அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "இந்தப் பம்பு ஐடியா எல்லாம் மாமாவோடதுமா. நான் வேற சொன்னேன். இதுதான் சரியா வந்துது."

இப்படி ஒரு பிள்ளை. நான் அவன் இடத்தில் இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

31.10, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும்.

காலையில் புறவழிச்சாலை. ஆள் நடமாட்டம் இல்லை. ஹாஜா ஓட்ட, நான் பக்கத்தில். பா. ரோட்டோரம் நின்றான். முதல் தடவையாக முழுசாக மிதித்தான் ஹாஜா. முதுகு சீட்டுக்குள் புதைந்தது. டர்போ ஊதுகிற சத்தம் காதுக்குள். நான் கத்தினேன், சந்தோஷத்தில்தான். மூன்றாவது கியர் முடிவதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. தட்டு கீழே விழுந்த மாதிரி. பின்னால் வெள்ளைப் புகை. வண்டி தொங்கிப் போனது.

கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்து வந்தோம். நான் முகம் கழுவப் போய்விட்டு வந்தால், பா. பானெட்டுக்குள் குனிந்து, சுவிட்சிலிருந்து ஹோஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். என்னைப் பார்த்ததும் அவசரமாகத் திரும்பச் சொருகினான். முகம் பேயறைந்த மாதிரி. தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் முகம்.

"என்னாடா?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"ரெண்டாவது பம்ப் ஓடலை. அதானே? ஒயர் எங்க விட்டுப்போச்சு?"

குனிந்து கிளாம்பை இறுக்கினான். எனக்கு வந்ததே கோபம். ஹாஜா எதிரிலேயே, தெருவே கேட்க. ஒரு ஒயரை ஒழுங்காக இழுக்கத் துப்பில்லை. ஊர் சுற்றிக்கொண்டு வேலை. இத்தனை நாள் உழைப்பு நாசம். எல்லாம் வந்தது வாயில். கடைசியாகச் சொன்னது: "உன் வேலைக்காக உன்னை வச்சிருக்கேன்னா நெனச்ச? உங்க அக்கா மூஞ்சிக்காக வச்சிருக்கேன்."

பா. கையைத் துணியில் துடைத்தான். "என் தப்புதான் மாமா" என்றான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

ஹாஜா மட்டும் மெல்ல, "போனது இரும்புதானேண்ணே" என்றான்.

1.11, திங்கள்

எஞ்சினைத் திறந்தேன். மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை. விரல் போகிறது. பெட்ரோல் பட்டினிதான், சந்தேகமில்லை. பா. வரவில்லை. தப்பு அவனுடையது என்று அவனே சொன்ன பிறகு ஒயரைச் சோதித்து என்ன ஆகப்போகிறது. தார்ப்பாயைப் போட்டு மூடினேன்.

வீட்டில் மீனா "தம்பி வரலியா?" என்று மட்டும் கேட்டாள். வரவில்லை என்றேன். தெருவே கேட்டது அவளுக்கா கேட்டிருக்காது.

5.11, வெள்ளி. தீபாவளி

மழை. பட்டாசு நமுத்துப்போய் எல்லார் வீட்டிலும் திட்டு.

தீபாவளிக்குப் பா. வராதது இதுதான் முதல் தடவை. புடவையும் அதிரசமும் சிதம்பரத்து மளிகைக்கடைக்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறான். எனக்கும் ஒரு சட்டை. சரியான அளவு. மீனா புடவையைக் கட்டவில்லை, பீரோவில் வைத்தாள். "அவன் வந்து குடுத்தா கட்டுவேன்."

கேட்டுப் பார்த்தேன், போன் பண்ணட்டுமா என்று. "பண்ணி என்னா சொல்லப்போறீங்க?" என்றாள். சட்டையைப் போடலாமா வேண்டாமா என்று யோசித்து, போட்டுக்கொண்டேன்.

10.11, புதன்

ஹாஜா வந்தான். பரங்கிப்பேட்டை அல்வா. காரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சுற்றி வளைத்து வந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் வேலை பாக்குற கராஜ்ல எலக்ட்ரிஷியன் கேட்டாங்க. பாஸ்கர்கிட்ட கேட்டேன். வரேன்னு சொல்லிட்டாரு."

"அவன் தப்பாலதானே உன் எஞ்சின் போச்சு. அவனையே கூட்டிட்டுப் போறியா?"

"அண்ணே, அன்னிக்கு அவ்ளோ பேச்சு பேசினீங்க. ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை அவரு. அந்த மாதிரி ஆளு அங்க கெடைக்காதுண்ணே."

அல்வாவை மூடி வைத்தேன். ஒயர் வேலைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவன் ரிலேயைப் பார்த்து இது என்ன என்றான்.

20.11, சனி

மழை விடவில்லை. தேவனாம்பட்டினம் பக்கம் கடல் உள்ளே வந்துவிட்டது என்று ஒரு வதந்தி கிளம்பி, ஜனம் பாதி ரோட்டுக்கு வந்துவிட்டது. அந்த சுனாமிக்குப் பிறகு இந்த ஊரில் யார் என்ன சொன்னாலும் ஓட்டம்தான். ஒன்றும் இல்லை.

பல்லைப் பிடுங்கியாயிற்று. டாக்டர் "இவ்ளோ நாள் எப்படித் தாங்குனீங்க?" என்றார். அன்றைக்கு அவ்வளவு கத்தினதற்கு இந்தப் பல்தான் காரணமோ என்று ஒரு நினைப்பு. பல் போனது. நினைப்பும் கூடவே போனது. வலியில்லாத நாளிலும் நான் அப்படித்தான் கத்துகிறேன்.

ஷெட்டுக்கு வந்த ஒரு காரில் ஹார்ன் வேலை செய்யவில்லை. ஒரு நாள் முழுக்க அதிலேயே போனது. பா. இருந்தால் பீடாக்கடை போய்வருகிற நேரத்தில் முடித்திருப்பான்.

28.11, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது.

ஹாஜா போவதற்குள் அவன் சாமான்களைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று தார்ப்பாயை எடுத்தேன். அவன்தான் போனில் "அடுத்த லீவுக்கு அந்தப் பெரிய பம்ப் ஒண்ணையே போட்டுடலாம்ணே" என்றான். சரி என்றேன். முதல் நாளே ஒருத்தன் சொன்னதுதான்.

கழற்றுவதற்கு முன்னால் ஒயரைப் பார்த்தேன், எங்கே விட்டுப்போனது என்று. எங்கேயும் விடவில்லை. ஒவ்வொரு முனையும் ஈயம் பிடித்து, டியூப் போட்டு, கட்டிப்போட்டு, கல்யாண வேலை மாதிரி. இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தேன். பம்ப் ஓடியது. அப்படியானால் சுவிட்ச்.

ஹோஸோடு கழற்றி, சைக்கிள் பம்பால் காற்று அடித்தேன். டிக் வரவில்லை. இன்னும் அடித்தேன். இல்லை. எனக்குச் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். சுவிட்ச் கோளாறு, கம்பெனிக்காரன் தலையில் இடி விழ, என் மேலும் இல்லை பா. மேலும் இல்லை, இன்றைக்கே சிதம்பரம் போய்ச் சொல்லிக் கூட்டி வந்துவிடலாம். மீனாவுக்குச் சொல்லப் போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

பிறகு ஹோஸைப் பிடுங்கினேன்.

மூக்குக்குள் மஞ்சளாகக் கெட்டித்துப்போய். ஊசியால் நோண்டினேன். பல்லில் அடைக்கிற சிமெண்டு மாதிரி வந்தது. முகர்ந்து பார்க்கவே வேண்டியதில்லை, கையிலேயே வாசனை. குங்குமச் சிவப்பு ஒரு ஓரம். அதை எடுத்ததும் மூச்சால் ஊதினேன். டிக்.

என் கை. என் கட்டைவிரல். யாரையும் சொல்ல முடியாது. துடைக்கச் சொன்னான், விடவில்லை. காற்று அடித்துப் பார்க்கச் சொன்னான், விடவில்லை. முதலிலேயே ஒரு பம்ப் போதும் என்றான்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். பக்கத்துப் பையன்கள் பந்து எடுக்க வந்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு எடுக்காமலே போனார்கள்.

30.11, செவ்வாய்

சிதம்பரம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். சுவிட்ச் சட்டைப் பையில்.

மாமியார் "வாங்க மாப்ள" என்றார்கள். குரலில் எப்போதும் இருக்கிற வாஞ்சை இல்லை. கூடத்தில் புதுப் பெட்டி, பாதி அடுக்கியிருந்தது. ஊறுகாய், பருப்புப் பொடி, இரண்டு போர்வை. துபாயில் எதற்குப் போர்வை.

பா. மாடியில் இருந்தான். இளைத்திருந்தான். சுவிட்சை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது எல்லாம் போய்விட்டது. "உன் ஒயர்ல தப்பே இல்லடா. மூக்குல சந்தனம் அடைச்சிருந்துது" என்றேன்.

"தெரியும் மாமா."

"என்னா தெரியும்?"

"அன்னிக்கே பாத்தேன். நோண்டி எடுத்துடலாம்னுதான் ஹோஸைக் கழட்டினேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"பின்ன ஏன்டா சொல்லல? அவ்ளோ பேசினேனே!"

பெட்டிக்கு வாங்கிய புதுப் பூட்டை எடுத்துத் திறந்து திறந்து மூடினான். அப்புறம் சொன்னான்.

"அக்கா வச்ச பொட்டு மாமா. அது அவ மேல போயிருக்கும். உங்க வாய் எனக்குத் தெரியாதா? என்னைப் பேசினா நான் பஸ் ஏறி வந்துடுவேன். அவ எங்க போவா?"

மாமியார் காபி கொண்டுவந்தார்கள். கையில் வாங்கினேன். நான்தான் வைத்தேன், அவள் அன்றைக்கு ஷெட்டுப் பக்கமே வரவில்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மாமியார் நகரவில்லை. காபி ஆறியது. அதைக் குடித்துவிட்டு, "பத்திரமாப் போய்ட்டு வா" என்று எழுந்துவிட்டேன். சொல்லாமலே.

"அக்காவை எதுவும் கேட்டுடாதீங்க மாமா" என்றான், படியிறங்கும்போது.

கடலூர் வரைக்கும் உட்கார இடம் கிடைத்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

4.12, சனி

மழை. வேலை ஓடவில்லை. மீனா மீன் குழம்பு வைத்திருந்தாள். உப்பு ஜாஸ்தி. வழக்கமாக நான் ஏதாவது சொல்கிற இடம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு. சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்த்துத் தோளைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இதை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் செய்திருப்பாள். நான் கத்துவதில் மும்முரமாக இருந்திருப்பேன்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"உப்பு கரிக்குது. பொய் சொல்லாதீங்க" என்று தயிரை எடுத்து வந்தாள்.

8.12, புதன்

சாரல். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்குப் பந்தல் வேலை நடக்கிறதாம். "தேர் பாத்துட்டுப் போகக் கூடாதா அவன்?" என்று மீனா இரண்டு நாளாக யாரிடமோ கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹாஜாவும் பா.வும் ஒரே விமானம். மெட்ராஸ் போகிற வழியில் டாக்ஸி நம் வீட்டு வாசலில் நின்றது. ஐந்து நிமிஷம்தான் என்றார்கள். ஹாஜா இறங்கவில்லை, நாசூக்காக. மீனா தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு ரெடியாக நின்றாள். பா. பார்த்துச் சிரித்தான். இரண்டு பேரும் அழவில்லை. எல்லாம் சாப்பாடு, சளி மாத்திரை, அம்மாவுக்கு யார் துணை என்கிற பேச்சு. அம்மாவை இங்கே அழைத்துவரப் போகிறோம், அது ஏற்கெனவே பேசி முடித்தது.

மீனா முறுக்கு டப்பாவை எடுக்க உள்ளே போனாள். அந்த நேரத்தில் சொன்னேன். நல்ல வார்த்தையாகத் தேடவில்லை.

"மச்சான். அந்தப் பொட்டு நான் வச்சதுடா. உங்க அக்கா அன்னிக்கு விலக்கு. ஷெட்டுப் பக்கமே வரல."

பா. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோபப்படுவான் என்று பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கான்னுதானே மாமா சொன்னீங்க."

அவ்வளவுதான். மீனா டப்பாவோடு வந்துவிட்டாள். வாங்கிக்கொண்டான். என் கையையும் பிடித்தான், பிடித்தான் என்றுதான் நினைக்கிறேன், மழையில் சரியாகப் பிடிபடவில்லை. டாக்ஸி போய்விட்டது.

உள்ளே வந்ததும் மீனா கேட்டாள், வாசலில் என்ன பேச்சு என்று. சொன்னேன். சந்தனம், கட்டைவிரல், அவள் தலையில் போட்ட பொய், எல்லாம். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், தலையை நிமிர்த்தவில்லை.

"அவன் ஏன் அன்னிக்கே உங்ககிட்ட சொல்லல?"

அதையும் சொல்ல வேண்டியிருந்தது. என்னைப் பேசினால் நான் பஸ் ஏறி வந்துவிடுவேன், அக்கா எங்கே போவாள் என்று அவன் சொன்னதாகச் சொன்னேன்.

கீரைத் தண்டு ஒன்றை ஒடித்துப் பார்த்தாள். முற்றல். எடுத்துப் போட்டாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றாள்.